வேலிப் பொட்டால் வந்த பேணி

என் குசினியில் பாத்திரம் வைக்கும் தட்டில் ஒரு பேணி கவிழ்த்து வைத்திருக்கிறேன். எவர்சில்வர் பேணி. நிறைய வார்த்தால் ஒரு ஆளின் விடாய் தீரும். விளிம்பில் ஓரிடம் நெளிந்திருக்கும். அடியில், பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டுகிறவன் புள்ளி புள்ளியாகக் குத்திய இரண்டு எழுத்துகள் உண்டு. அவை எங்கள் வீட்டு எழுத்துகள் அல்ல. நான் அதை முதன்முதலாகக் கண்டது தங்கையின் கட்டிலுக்குக் கீழே, அவள் பிள்ளை பெற்ற பதின்மூன்றாம் நாள் காலமை, அறையைக் கூட்டும்போது. விளக்குமாறு தட்டுப்பட்டு உருண்டு வந்தது. எடுத்துப் பார்த்தால் அடியில் ஒரு மிடறு தண்ணீர் கிடந்தது. மணந்து பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. மணம் இல்லாததுதான் என் பயத்தைக் கூட்டியது. மணம் இருந்தால் இன்னது என்று சொல்லலாம்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். படிப்புக் குறைந்தவர்களுக்குப் பயம் கூட என்று சொல்வார்கள், எனக்கு இரண்டும் சரியாகப் பொருந்தும். படலையைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பேன், பஸ் நிற்குமிடம் வரை போய்விட்டு அடுப்பை அணைத்தேனோ என்று திரும்பி வருவேன். தங்கை என்னைவிடப் பதினாலு வயது இளையவள். அம்மாவும் ஐயாவும் போனபின் அவளுக்கு நான்தான் எல்லாம். ஒரு ஆளை வைத்து நெடுகப் பயந்துகொண்டிருப்பதுதான் அன்பு என்று அந்தக் காலத்தில் நினைத்திருந்தேன்.

பேணி யாருடையது என்று யோசிக்கத் தேவையில்லை. சரவணை என்ற எங்கள் ஊரில், எங்கள் வளவுக்குப் பின்பக்கம் ஒரு வேலி. வேலிக்கு அங்கால் மாமி. சொந்த மாமி அல்ல, ஊர் முறைக்கு மாமி. பிள்ளையில்லாதவர், கணவரும் இல்லை, ஏழெட்டு ஆடுகளோடு தனியாக இருந்தார். எங்கள் கிணறு உவர். முப்பது பாகத் தூரம் தள்ளி அவருடைய கிணறு நல்ல தண்ணீர். தீவுப் பக்கத்தில் நிலம் அப்படித்தான், யாருக்கு எதைக் கொடுக்கும் என்று சொல்ல ஏலாது. அந்தத் தண்ணீருக்காக வேலியில் ஒரு பொட்டு விட்டிருந்தார்கள். ஆள் குனிந்து போகக்கூடிய இடைவெளி. ஐயாவும் மாமியின் கணவரும் அந்த வேலி அரை அடி நகர்ந்தது பற்றி வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்தார்கள். ஆனால் இரண்டு பேருமே பொட்டை அடைக்கவில்லை. ஆண்கள் இருவரும் செத்துப்போனார்கள். சண்டையை நான் வைத்துக்கொண்டேன். மாமி சிரித்தாலும் எதற்குச் சிரிக்கிறார் என்று பார்ப்பேன். தங்கை வயிற்றில் பிள்ளையோடு கிணற்றடிக்குப் போனபோது, 'வயிறு நல்லா இறங்கியிட்டுது, பொம்பிளைப் பிள்ளைதான்' என்று மாமி சொன்னார். அன்றைக்கே செத்தல் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன்.

பிள்ளைப்பெறு பார்க்க எனக்குத் தெரியும் என்றுதான் நம்பியிருந்தேன். தங்கை பிறந்தபோது நான் பக்கத்தில் இருந்தவள். யுத்தத்தில் ஊரைவிட்டு ஓடிப்போய் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்த காலம் அது. சீலை கட்டி மறைத்த ஒரு மூலையில் அம்மா கிடந்தார். அவரைப் பார்ப்பதற்காகத்தான் என் படிப்பு நின்றது, பிறகு அது தொடங்கவேயில்லை. அம்மாவின் வயிற்றை இறுக்கிக் கட்டியது, அசையாமல் படுக்க வைத்தது, யாரோ கொண்டுவந்த மிளகு மல்லிச் சரக்கை அரைத்துச் சுண்டவைத்துக் கொடுத்தது எல்லாம் கண்ணுக்குள் நிற்கிறது. தண்ணீர்ப் பேணியைக் கொடுத்தால் அம்மா பாதி குடித்துவிட்டு, 'பிள்ளை பெத்தவளுக்குக் கனக்கத் தண்ணி கூடாது, மிச்சத்தை நீ குடி' என்று என்னிடம் நீட்டுவார். காலமை அரைப் பேணி, பின்னேரம் அரைப் பேணி. அந்த அளவை நான் மறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த ஒன்றும் நினைவில் இல்லை, இது நின்றது.

ஆகவே தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வந்த நாளில் இருந்து நான் அந்த முறைப்படியே செய்தேன். பின் அறை. யன்னல் பாதி சாத்தியபடி. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும்வரை கட்டிலால் இறங்கக்கூடாது, கக்கூசுக்கு மட்டும் நான் பிடித்துக் கூட்டிப்போவேன். அவள் கணவன் கட்டாரில் வேலை, போனில் முகத்தைக் காட்டி, 'அக்கா சொல்லுறபடி கேளும்' என்பான். அவள் தண்ணீர் கேட்பாள். 'விடாய்க்குதக்கா, நாக்கு ஒட்டுது' என்பாள். நான் நாக்கை நனைக்க ஒரு துண்டுப் பஞ்சு கொடுப்பேன். ஸ்கூட்டரில் வந்த மருத்துவிச்சி, நடக்க விடுங்கோ, நல்லாத் தண்ணி குடுங்கோ, காலில் நோ வீக்கம் வந்தால் உடனே சொல்லுங்கோ என்று மூன்று முறை சொல்லிவிட்டுப் போனது. நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். அந்தப் பிள்ளைக்கு இன்னும் கலியாணமே ஆகவில்லை, அதற்கு என்ன தெரியும் என்பது என் எண்ணம்.

பத்தாம் நாள் இடது கெண்டைக்கால் நோகுது என்றாள். தொட்டால் சூடு. மற்றக் காலைவிடத் தடித்திருந்தது. வாய்வு இறங்கியிருக்கிறது என்று நல்லெண்ணெயைச் சூடாக்கி, என் பலம் முழுவதையும் போட்டுத் தேய்த்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அடுத்த முறை மருத்துவிச்சி வந்தபோது காலின் மேல் போர்வையை இழுத்து விட்டேன். கண்டால் ஆஸ்பத்திரி என்று இழுத்துக்கொண்டு போகும், துடக்கோடு பிள்ளையும் தாயும் அலைவார்கள் என்ற பயம்.

பேணியைக் கண்டெடுத்தது கால் நோகத் தொடங்கி மூன்றாம் நாள். நான் துணி தோய்க்கப் போகும் நேரம் பார்த்து, பொட்டால் வந்து, யன்னலுக்குள்ளால் மாமி எதையோ கொடுத்திருக்கிறார். கால் நோவு ஏன் வந்தது என்பதற்கு எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. தங்கையைக் கேட்டேன். அவள் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அந்தத் திரும்பலையும் நான் மாமியின் கணக்கில்தான் எழுதினேன். வேலியடியில் போய் நின்று, பெறுவுக்காரிக்கு என்னத்துக்குத் தண்ணி குடுக்கிறீங்கள் என்று கேட்டேன். மாமி ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தவர், திரும்பாமலே சொன்னார்.

"குட்டி போட்ட ஆட்டுக்கு வாளி வாளியா வைக்கிறம். பால் எங்கால வாறது பிள்ளை?"

"என்ர தங்கச்சி ஆடில்லை."

"ஓம், ஆடெண்டால் கத்தியாவது கேட்டிருக்கும்."

அந்தப் பின்னேரமே பொட்டை அடைத்தேன். பனங் கருக்குமட்டைகளைக் குறுக்காக வைத்து, கம்பியால் இறுக்கி, நடுவில் முள்ளும் செருகினேன். ஐயா செய்யாத வேலை. யன்னலை முழுதாகச் சாத்தினேன். பேணியை மட்டும் கழுவாமல், தண்ணீரோடு ஒரு சோடாப் போத்தல் மூடியால் மூடப் பார்த்து, அது பொருந்தாமல், பொலித்தீன் கட்டி அலுமாரிக்கு மேல் வைத்தேன். சாட்சி வேண்டும் என்று தோன்றியது.

பொட்டை அடைத்த நாலாம் நாள் காலமை. நான் அரைத்துக் கொடுத்த சரக்கும் தண்ணீர்க் குறைவும் அவள் வயிற்றை இறுக்கியிருந்தன. கக்கூசில் கனநேரம் இருந்து முக்கிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து கட்டிலில் இருந்தாள். நான் அளந்த அரைப் பேணியை நீட்டினேன். வலது கையால் வாங்கினாள். வாங்கிய கை அப்படியே மடியில் விழுந்தது. தண்ணீர் சீலையில் ஊறியது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்தது. ஏதோ சொல்ல வந்தாள், சத்தம்தான் வந்தது, சொல் வரவில்லை. என்னைப் பயங்காட்டுகிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன். கண்ணைப் பார்த்தபோது விளங்கியது, பயந்திருப்பது அவள்.

என் கத்தலுக்கு மாமி வேலியடிக்கு ஓடிவந்தார். மட்டைகளுக்கு நடுவால் அவருடைய ஒரு கண் மட்டும் தெரிந்தது. ஓட்டோ வந்து தெருவில் நின்றது, நாலு வீட்டுச் சனம் கூடிவிட்டது. அவ்வளவு பேருக்கும் கேட்க நான் கேட்டேன்.

"என்னத்தைப் போட்டுக் குடுத்தனீங்கள்?"

"தண்ணி, பிள்ளை. வெறுந் தண்ணி."

"அப்ப ஏன் ஒளிச்சுக் குடுத்தனீங்கள்?"

அந்த ஒற்றைக் கண் ஓட்டோ நின்ற பக்கம் திரும்பியது. பதில் சொல்லக்கூடிய மற்ற ஆள் ஓட்டோவுக்குள் வாய் கோணியபடி கிடந்தாள். அன்றிலிருந்து ஊரில் ஒருவரும் மாமியிடம் ஆட்டுப்பால் வாங்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் யாரையும் வாங்காதே என்று சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து அம்புலன்சில் பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தங்கையின் உடுப்புப் பையோடு அந்தப் பேணியையும் கொண்டுபோயிருந்தேன். மூளைக்குப் போகிற நாடி ஒன்றில் இரத்தக்கட்டி அடைத்திருக்கிறது என்றார்கள். வயது இருபத்தேழு. நம்ப ஏலுமா? பிள்ளை பெற்ற இடத்தில் ஏதும் பிழையாக ஊசி போட்டிருப்பார்கள், இப்போது ஆளுக்காள் மறைக்கிறார்கள் என்று அவள் கணவனுக்குப் போனில் சொன்னேன். அதே வாயால் மாமியையும் சொன்னேன். இரண்டும் ஒன்றுக்கொன்று இடிக்கிறதே என்று அவன் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

கண்ணாடி போட்ட ஒரு டொக்டர்தான் அவளைப் பார்த்தவர். அவரும் என்னைப் போலச் சந்தேகக்காரர் என்பதை இரண்டாம் நாளே கண்டுகொண்டேன். கட்டில் பக்கத்தில் நின்று போர்வையை விலக்கி இரண்டு கால்களையும் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இடது காலை ஸ்கான் செய்வித்தார். அங்கே பெரிய கட்டி ஒன்று இருந்தது. எனக்கு அது போதும், காலில் இருந்தது தலைக்கு ஏறிவிட்டது, முடிந்தது. அவருக்குப் போதவில்லை. ஒரு தாளின் பின்பக்கத்தில் இதயத்தை நாலு அறை வீடு மாதிரிக் கீறிக் காட்டினார். காலில் இருந்து நாளம் வழியாக வருகிற இரத்தம் வலப்பக்க அறைகளுக்கு வரும், அங்கிருந்து நுரையீரலுக்குப் போகும். கட்டி வந்தால் நுரையீரலில்தான் சிக்கவேண்டும். இடப்பக்கத்துக்குப் போகவே வழியில்லை. தலைக்குப் போகிற நாடி தொடங்குவது இடப்பக்கத்தில்.

"அப்ப உது எப்பிடி அங்கால போனது?" என்று என்னையே கேட்டார். "சுவரில எங்கையோ ஒரு பொட்டு இருக்கவேணும்."

அவரும் யாழ்ப்பாணத்தவர், அந்தச் சொல் தானாக வந்திருக்கும். எனக்கு எங்கள் வேலிதான் கண்ணில் வந்தது.

அதைக் கண்டுபிடித்த அன்று, தங்கை பயந்து கையை உதறுகிறாள் என்று என்னையும் அறைக்குள் விட்டார்கள். உப்புத்தண்ணீரைக் குலுக்கி நுரைக்கவைத்து அவள் கையில் ஏற்றினார்கள். திரையில் இதயம் துடித்தது. வலப்பக்க அறை வெள்ளைக் குமிழிகளால் நிறைந்தது. இடப்பக்கம் கறுப்பாகவே கிடந்தது. டொக்டர் இருமச் சொன்னார். அவளுக்கு விளங்கவில்லை. தானே இருமிக் காட்டினார், அவளும் இருமினாள். அந்த இருமலோடு நடுச்சுவர் ஒருபக்கம் சாய, நாலைந்து குமிழிகள் கறுப்புக்குள் பாய்ந்ததை என் கண்ணால் கண்டேன். தாயின் வயிற்றுக்குள் இருக்கும்போது எல்லாருக்கும் அந்தத் திறப்பு இருக்குமாம், பிறந்தபின் மூடவேண்டுமாம். சிலருக்கு முழுதாக மூடுவதில்லை. ஒன்றும் செய்யாமல் அப்படியே கிழவியாகிச் செத்துப்போகிறவர்களும் உண்டு. முக்கினால், இருமினால், கொஞ்சம் திறக்கும். அந்த நேரம் பார்த்து ஒரு கட்டி வந்தால்தான் வில்லங்கம். கக்கூசில் அவள் முக்கியது எனக்கு ஞாபகம் வந்தது. நான் சொல்லவில்லை. அவரே கேட்டார், பிறகு சொன்னேன்.

வெளியே வந்து, இனியும் விடக்கூடாது என்று பையைத் திறந்து பேணியை எடுத்துக் கொடுத்தேன். வேலிக்கு அங்கால் ஆள் கொடுத்தது, என்ன கலந்திருக்கிறது என்று சோதிக்கவேண்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. பொலித்தீனை அவிழ்த்து மணந்தார், என்னைப் போலவே.

"நீங்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடுத்தனீங்கள்?"

பேணியின் நடுவில் விரலை வைத்துக் காட்டினேன். காலமை இவ்வளவு, பின்னேரம் இவ்வளவு.

அவர் என் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பால் குடுக்கிற தாய்க்கோ?" என்றார் கடைசியில். பிறகு கதிரையில் இருத்தி, ஏசாமல், ஒவ்வொன்றாகச் சொன்னார். பிள்ளை பெற்றவளின் இரத்தம் இயல்பாகவே கட்டப் பார்க்கும். அசையாமல் கிடந்தால் இன்னும் கட்டும், தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் அதற்கும் மேல். வீங்கின காலைத் தேய்த்திருக்கக்கூடாது. ஓட்டை பிறவியில் வந்தது, அதற்கு ஒருவரும் பொறுப்பில்லை. இவர்தான் செய்தார் என்று ஒரு ஆளைக் காட்ட ஏலாது என்றார். பேணியைத் திருப்பித் தந்து, "இந்தத் தண்ணியில பிழையில்லை. பிழையெண்டால், இது காணாது எண்டதுதான்" என்றார். நான் அப்போதும் முழுதாக நம்பவில்லை. ஆஸ்பத்திரிக்காரர் ஆஸ்பத்திரியைக் காப்பாற்றத்தான் பேசுவார்கள் என்று வார்ட்டுக்குத் திரும்பும்வரை நினைத்துக்கொண்டு நடந்தேன். நினைப்பு வார்ட் வாசலோடு நின்றது. அங்கே தங்கை இடது கையால் ஒரு தண்ணீர்ப் போத்தலைப் பிடித்து, மூச்சு விடாமல் குடித்துக்கொண்டிருந்தாள்.

நானும் அவரும் சந்தேகத்தில்தான் தொடங்கினோம். அவர் வழியைத் தேடினார். நான் ஆளைத் தேடினேன்.

இரத்தம் கட்டாமல் இருக்கக் குளிசை கொடுத்தார்கள். கையும் காலும் மெல்ல மெல்ல வந்தன. சொல் பிந்தித்தான் வந்தது, வந்ததும் முறை மாறி வந்தது. பிள்ளையைக் காட்டினால் 'கதவு' என்பாள், பிறகு தானே அழுவாள். ஐந்தாவது கிழமை, வீட்டில், சாத்திக் கிடந்த யன்னலைக் காட்டி, ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்துச் சொன்னாள். "மாமி... தரேல்லை. நான்... கேட்டனான்." கொஞ்சம் இளைப்பாறிவிட்டு, "ஒளிக்கச் சொன்னதும்... நான்" என்றாள். "உங்களுக்குப் பயந்து."

அடுத்த நாள் காலமை கருக்குமட்டைகளைப் பிடுங்கினேன். கை கிழிந்தது. ஆனால் பொட்டால் போகக் கால் வரவில்லை. தெருவால் சுற்றிப் போகத் தீர்மானித்தேன். ஒருவர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. சீனி போடலாமா, பயறு போடலாமா என்று யோசித்தேன். எதைப் போட்டாலும் வாயை அடைக்கக் கொண்டுபோனது மாதிரி இருக்கும். பேணியைச் சாம்பல் போட்டு மினுக்கி, பவுசர் லொறியில் வந்த நல்ல தண்ணீரை வடித்து, விளிம்புவரை வார்த்து, சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தெருவால் நடந்தேன். நாலு வீட்டுச் சனம் பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் மெல்ல நடந்தேன்.

மாமி கொட்டிலடியில் நின்றார். "வாரும். உம்மட புண்ணியத்தில குட்டியள் நல்லாக் கொழுத்திருக்கு, பால் முழுக்க அதுகளுக்குத்தானே" என்றார். நான் பேணியை நீட்டினேன். வாங்கினார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து, கண்ணை மட்டும் உயர்த்திக் கேட்டார்.

"இதுக்குள்ள என்னத்தைப் போட்டனீர்?"

"தண்ணி, மாமி. வெறுந் தண்ணி."

குடித்தார். பாதியில் நிறுத்தி, பேணியை என் பக்கம் நீட்டினார். அரைப் பேணிக் கணக்கு எங்கே படித்தனீர் என்று கேட்டார். அம்மாவைச் சொன்னேன். மாமி ஒரு குழையை உருவி ஆட்டுக்குப் போட்டார். பிறகு சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அந்த மண்டபத்தில நானும் இருந்தனான், உங்கட சீலை மறைப்புக்குப் பக்கத்தில. தண்ணிக்கு வரிசை. பெறுவுக்காரிக்கு நேரத்துக்கு ஒரு பேணி, மற்ற ஆக்களுக்கு அதுவும் இல்லை. உம்மட கொம்மா அரைப் பேணி குடிச்சது மருந்துக்கில்லை, பிள்ளை. நீர் நாக்கு வறண்டுபோய் முன்னுக்கு நிண்டனீர். மிச்சத்தைக் குடிச்சது ஆர்?"

நான் அவர் கையிலிருந்து பேணியை வாங்கி மிச்சத்தைக் குடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

தங்கையின் இதயத்திலிருந்த திறப்பை ஆறு மாதம் கழித்துக் கொழும்பில் அடைத்தார்கள். தொடையிலிருந்து நாளத்தின் வழியே ஒரு சின்னக் குடை போன்ற மூடியைக் கொண்டுபோய் விரித்தார்களாம். நன்றாக அடைபட்டிருக்கிறது என்கிறார்கள். அவள் இருமினால் இன்னும் செய்கிற வேலையை விட்டு ஓடிப்போய் அவள் வாயைப் பார்ப்பேன். மாமி போன வருஷம் போய்விட்டார். பொட்டைத் திறந்து வைத்தும் அதற்குப் பிறகு அவர் அதன் வழியாக ஒருநாளும் வரவில்லை, படலையால்தான் வந்தார். பேணியையும் திரும்ப வாங்கவில்லை, 'உங்க கிடக்கட்டும்' என்றுவிட்டார். அவர் என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. மண்டபத்துக் கதை உண்மைதானா, என்னை ஆற்றுவதற்கா, வருத்துவதற்கா சொன்னார் என்றும் சில நாள் யோசிப்பேன். கேட்க அம்மாவும் இல்லை.

இப்போது நான் தண்ணீர் குடிப்பது அந்தப் பேணியில்தான். முதலில் மணந்து பார்க்கிறேன், அந்தப் பழக்கம் போகவில்லை. நிறைய வார்த்துக் குடிக்கத் தொடங்கினால் நடுவில் கை தானாக நிற்கும். மிச்சத்தைக் கொடுக்க யாரோ முன்னால் நிற்கிறார்கள் போல ஒரு பார்வை பார்ப்பேன். குசினி வாசலில் தங்கை நிற்பாள், இடுப்பில் பிள்ளையோடு.

"முழுக்கக் குடியுங்கோ அக்கா," என்பாள். அந்த மூன்று சொல் இப்போது அவளுக்குத் தட்டாமல் வருகிறது.